பிறர் பெயரில் எழுதுகிறவர்களின் கேள்விகள்

தன் பெயர் வராமல் இன்னொருவருக்காக நூலும் உரையும் கட்டுரையும் எழுதித் தரும் கோஸ்ட் ரைட்டிங் தொழிலைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

ஒரு தொழிலதிபரின் வாழ்க்கை வரலாற்றை 40,000 சொல்லில் எழுதித் தரக் கேட்கிறார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று கேட்பதா, மொத்தமாகப் பேசுவதா?

மொத்தமாகவே பேசுங்கள். ஆனால் எத்தனை மணி நேர வேலை என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் தொகையைச் சொல்லிவிடாதீர்கள்.

40,000 சொல் என்பது பக்கத்துக்கு 200 சொல் வீதம் 200 பக்கம். அதற்கு அவர் 20 மணி நேரமாவது பேச, நீங்கள் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்யப் பழகிய கைக்கே 4 மணி நேரம் ஆகும்; ஆக 80 மணி. மணிக்கு 300 சொல் என்ற வேகத்தில் எழுதினால் 133 மணி. திருத்தத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, 45 மணி. இதுவரை 278. போன், மெயில், பில், 'ஒரு நிமிஷம் பேசலாமா' வகையறாவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 306 மணி வருகிறது. இதில் எழுதும் நேரம் பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்துக்கு மட்டும் விலை வைப்பவர் மீதி வேலையை இலவசமாகச் செய்கிறார்.

மணிக்கு என்ன கேட்பது என்பதில் ஒரு பிசகு பரவலாக நடக்கிறது. வாரத்துக்கு 40 மணி உழைப்பவர், தேவையான வருமானத்தை 40ஆல் வகுத்துவிடுகிறார். புது வேலை தேடுவது, பேரம் பேசுவது, வராத பணத்தைக் கேட்டு மெயில் போடுவது இவற்றுக்கெல்லாம் யாரும் பணம் தரமாட்டார்கள். 25ஆல் வகுத்துப் பாருங்கள், உண்மையான எண் கிடைக்கும்.

சொல் கணக்கு தமிழில் இன்னொரு வம்பைக் கொண்டுவரும். 'வந்துகொண்டிருந்தேன்' என்று சேர்த்தால் ஒரு சொல், 'வந்து கொண்டிருந்தேன்' என்று பிரித்தால் இரண்டு. மெய்ப்புத் திருத்துபவர் சேர்த்துவிட்டால் உங்கள் கூலி குறைகிறது! கட்டுரை போன்ற சின்ன வேலைகளுக்குச் சொல் கணக்கில்தான் பேசியாக வேண்டும் என்றால், நீங்கள் கொடுத்த முதல் பிரதியில் வேர்டு மென்பொருள் காட்டும் எண்ணிக்கையே கணக்கு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

கிளையன்ட் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் பேசுற மாதிரி இல்லையே' என்கிறார். எங்கே தவறு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

இந்த வேலையில் மிகவும் கடினமான இடம் இதுதான். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என்ன சொன்னார் என்பதை எடுத்துக்கொண்டு, எப்படிச் சொன்னார் என்பதை விட்டுவிட்டால் இப்படி ஆகும். ஒரு சின்னப் பகுதியைப் பிரித்துப் பார்ப்போம். பதிவில் அவர் பேசியது:

'அன்னைக்கு ஒண்ணுமே ஓடல. கடையத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தன் வரல. நம்ம கணக்கு தப்புன்னு அப்பதான் தெரிஞ்சுது.'

இதை எழுத்தாளர் 'அன்றைய தினம் வணிகம் முற்றிலும் முடங்கியிருந்த நிலையில், எனது கணிப்புகள் தவறானவை என்பதை நான் உணர்ந்துகொண்டேன்' என்று எழுதினால் தகவல் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பேசியவர் காணாமல் போய்விட்டார். நாலு குட்டி வாக்கியம் ஒரு நீள வாக்கியமாகிவிட்டது. 'கணக்கு' என்ற அவருடைய சொல் 'கணிப்புகள்' ஆகிவிட்டது. நடந்து முடிந்ததை 'உக்காந்திருக்கேன்' என்று நிகழ்காலத்தில் சொன்னாரே, அதில்தான் அந்த நாளின் வெறுமை இருந்தது, அதுவும் போயிற்று.

எழுத்துத் தமிழிலேயே அவரை வைத்திருக்க முடியும்: 'அன்று ஒன்றுமே ஓடவில்லை. கடையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் வரவில்லை. நம் கணக்கு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.' இங்கே மாறியது உச்சரிப்பும் விகுதியும்தான். 'ஒருத்தன்' மட்டும் 'ஒருவர்' ஆகியிருக்கிறது. வாடிக்கையாளரை அச்சில் ஒருமையில் சொல்ல அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டிய இடம் அது.

முதல் இரண்டு பதிவுகளைக் கேட்கும்போதே ஒரு பக்கத்தில் அவருடைய பேச்சுக்குறிப்பைத் தயார் செய்துகொள்ளுங்கள். வாக்கியம் சராசரியாக எத்தனை சொல்லில் முடிகிறது? தன்னை 'நான்' என்கிறாரா, 'நாங்க' என்கிறாரா, கேட்பவரையும் சேர்த்து 'நாம' என்கிறாரா? தாயை அம்மா என்கிறாரா, ஆத்தா என்கிறாரா? பழைய முதலாளியை அவர் என்கிறாரா, பெயர் சொல்கிறாரா? ஆங்கிலச் சொற்களில் எவை அவர் வாயில் தானாக வருகின்றன? பழமொழி சொல்பவரா, எண்களைச் சொல்பவரா? கோபம் வரும்போது வாக்கியம் நீள்கிறதா, குறைகிறதா? 'அதாவது', 'என்னன்னா' போன்ற ஒட்டுச்சொற்களைக் குறித்துவைத்து, பத்தில் ஒன்பதை வெட்டிவிட்டு ஒன்றை விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் கேலிச்சித்திரம் போல ஆகிவிடும்.

பிறகு முழு அத்தியாயத்தில் கைவைக்க வேண்டாம். 1,500 சொல்லில் ஒரு மாதிரிப் பகுதியை எழுதி, அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நாக்கு இடறும் இடம், அவர் அறியாமலே சொல்லை மாற்றி வாசிக்கும் இடம், சிரிக்கும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எங்கே தவறு' என்று வாயால் சொல்லத் தெரியாதவருக்கு வாசிக்கும்போது அது தானாகவே வெளிப்பட்டுவிடும். அந்தப் பகுதி சரி என்று எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே அடுத்த அத்தியாயம். நாலாவது அத்தியாயத்தில் குரலை மாற்றுவதென்றால் முந்தைய மூன்றையும் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

இன்னொரு வாய்ப்பையும் மறக்கக்கூடாது. சிலர் தாங்கள் பேசுகிற மாதிரி அச்சில் தெரிய விரும்புவதில்லை. மேடையில் பேசுகிற மாதிரி தெரிய விரும்புகிறார்கள். 'உங்கள் புத்தகம் யாருடைய எழுத்து மாதிரி இருந்தால் பிடிக்கும்? இரண்டு பக்கம் காட்டுங்கள்' என்று முதல் சந்திப்பிலேயே கேட்டால் இது தெரிந்துவிடும்.

இரண்டு முறை திருத்தித் தருவதாகப் பேச்சு. இப்போது ஏழாவது முறை போய்க்கொண்டிருக்கிறது. மறுத்தால் உறவு கெடுமோ என்று பயமாக இருக்கிறது.

'இரண்டு முறை' என்று பேசினீர்கள், 'ஒரு முறை' என்றால் என்ன என்று பேசவில்லை. அவர் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி, மாலையில் போனில் ஒன்று, நாளை மகன் சொன்னதாக ஒன்று என்று அனுப்புவார். அவர் கணக்கில் எல்லாம் சேர்ந்து ஒரு முறை, உங்கள் கணக்கில் ஏழு.

ஒரு சுற்று என்பதை இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: முழுப் பிரதிக்குமான கருத்துகள் அனைத்தும், ஒரே கோப்பில், ஒரே நபரிடமிருந்து, பிரதி கிடைத்த 10 வேலை நாளுக்குள். வீட்டார், கூட்டாளி, வக்கீல் என்று யார் படித்தாலும் அவர்கள் கருத்தைச் சேர்த்து, முரண்பாட்டைத் தீர்த்து அனுப்புவது அந்த ஒருவரின் பொறுப்பு. அண்ணன் வெட்டச் சொன்னதைத் தம்பி சேர்க்கச் சொல்லும் பஞ்சாயத்தில் நீங்கள் நடுவராக உட்கார வேண்டியதில்லை. 10 நாள் கடந்தும் பதில் வரவில்லை என்றால் ஒருமுறை நினைவூட்டி, மேலும் 5 நாளில் அந்தப் பகுதி ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றும் எழுதலாம்.

வரும் கருத்துகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். நீங்கள் செய்த பிழை (தப்பான ஆண்டு, எழுத்துப்பிழை, பதிவில் சொன்னதற்கு மாறாக எழுதியது) எத்தனையாவது சுற்றிலும் இலவசம். அதில் கணக்குப் பார்ப்பது அழகல்ல. ஒப்புக்கொண்ட திட்டத்துக்குள் சொல்லை, வரிசையை, தொனியை மாற்றுவது திருத்தம். இரண்டு சுற்றுக்குள் அடங்கும். புதிய அத்தியாயம், புதிய பேட்டி, 'இதை அப்படியே தன்னம்பிக்கை நூலாக மாற்றிவிடலாமே' போன்றவை புது வேலை. மணிக்கணக்கில் தனிக் கட்டணம். அத்தியாயத் திட்டம் ஒன்றை எழுதி முன்பே ஒப்புதல் வாங்கியிருந்தால்தான் இந்தப் பிரிவினை செல்லும். திட்டம் இல்லாத இடத்தில் எல்லாமே திருத்தம்தான்.

இப்போதைக்கு ஏழாவது சுற்றை முடித்துக் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு மெயில்: 'இதுவரை ஏழு சுற்று முடித்திருக்கிறேன். பேசியது இரண்டு. இனி வரும் மாற்றங்களுக்கு மணிக்கு இவ்வளவு. ஆரம்பிக்கும் முன் எத்தனை மணி ஆகும் என்று சொல்லிவிடுகிறேன்.' மன்னிப்பும் வேண்டாம், புகாரும் வேண்டாம். பெரும்பாலும் எட்டாவது சுற்று வராது.

பாதியில் பணம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

நிற்கிற இடத்தில் உங்களுக்கு நஷ்டம் வராதபடி தவணையைப் பிரிப்பதுதான் வழி. கையெழுத்தாகும்போது 25 சதவீதம், அத்தியாயத் திட்டமும் மாதிரிப் பகுதியும் ஒப்புதலானதும் 25, முதல் பிரதியில் பாதி முடிந்ததும் 25, முழு முதல் பிரதி கொடுக்கும்போது 15, இறுதிப் பிரதிக்கு 10. கடைசித் தவணை சின்னதாக இருக்கட்டும், இழுபறி அங்கேதான் நடக்கும். அதை ஒருபோதும் 'நூல் வெளியான பிறகு' என்று கட்டிவைக்காதீர்கள். அச்சகம் தாமதித்தாலும், பதிப்பகம் பின்வாங்கினாலும், கிளையன்டே மனம் மாறி வெளியிடாமல் விட்டாலும் உங்கள் வேலை முடிந்துவிட்டது. 'இறுதிப் பிரதி ஒப்படைத்த 15 நாளுக்குள்' என்று இருக்கட்டும்.

தவணை வராமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். 'நல்ல மனிதர்தானே' என்று எல்லோரும் மீறவும் செய்வார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, முழுத் தொகையும் வந்த பிறகே பதிப்புரிமை அவருக்கு மாறும். பல நாடுகளில் எழுதிக் கையொப்பமிட்டால்தான் உரிமை மாறும் என்பதால் அவருக்கும் இந்த வரி தேவை. இரண்டு, யார் நிறுத்தினாலும் அதுவரை செய்த வேலைக்கான பணம் உண்டு, வாங்கிய முன்பணம் திரும்பாது.

'விற்பனையில் பங்கு தருகிறேன்' என்ற பேச்சு வந்தால், கட்டணத்துக்கு மேல் என்றால் சரி, கட்டணத்துக்குப் பதில் என்றால் வேண்டாம். எத்தனை பிரதி விற்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

கிளையன்ட் எப்போதும் பிசி. பேட்டிக்கு நேரம் தருவதில்லை, தந்தாலும் 'நீங்களே நல்லா எழுதிடுங்க' என்கிறார்.

'நீங்களே எழுதிடுங்க' என்பவர்தான் பிறகு 'நான் இப்படிச் சொல்லவே இல்லையே' என்பார். கற்பனையில் நிரப்ப வேண்டாம்.

அவ்வப்போது நேரம் கேட்பதை விட்டுவிட்டு, தொடக்கத்திலேயே வாரம் இரண்டு முறை, முறைக்கு 75 நிமிடம் என்று எட்டு வாரத்துக்கு அவருடைய காலண்டரில் குறித்துவிடுங்கள். 75 நிமிடத்துக்கு மேல் நீட்டினால் இருவருக்கும் சோர்வு வந்துவிடும். இரண்டு நாள் முன்பே ஐந்தாறு கேள்வி அனுப்பிவிடுங்கள். நடுவில் நேரம் இல்லாதபோது பயணத்தில் இருந்தபடியே குரல் செய்தி அனுப்பச் சொல்லலாம். எதிரில் ஆள் இல்லாதபோது சிலர் நன்றாகவே பேசுகிறார்கள். இரண்டு சந்திப்புத் தவறினால் ஒப்படைக்கும் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கிடைக்கிற நேரத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். 'அந்த நாட்கள் எப்படி இருந்தன?' என்றால் 'ரொம்பக் கஷ்டம்' என்பதோடு முடிந்துவிடும். 'கடன் கேட்கப் போன அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்? உங்களை உட்காரச் சொன்னார்களா? வெளியே வந்ததும் முதலில் யாரிடம் சொன்னீர்கள்?' என்று கேளுங்கள், அத்தியாயமே கிடைக்கும். பழைய புகைப்படம் ஒன்றை மேசையில் வைத்துப் பேசச் சொன்னால் இன்னும் நல்லது. பதிவு இரண்டு கருவியில் ஓடட்டும். ஒன்று மட்டும் ஓடிய நாளில்தான் அது நின்றுபோகும்.

பேச்சை எழுத்தாக்கவும் எழுதவும் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா? கிளையன்டிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும். முதல் காரணம் ரகசியம். அவர் உங்களை நம்பிச் சொன்ன குடும்ப, வியாபார விஷயங்களை வெளியார் சர்வரில் ஏற்றுகிறீர்கள். எந்தக் கருவி, பதிவு எத்தனை நாள் அங்கே இருக்கும், அழிக்க முடியுமா என்பதைச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

எழுத்தாக்கத்தில் அந்தக் கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் வட்டாரப் பேச்சு, ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண் ஆகிய நான்கிலும் சறுக்கும். 'பதினைந்து' என்று சொன்னது 'ஐம்பது' ஆகிவிடுவதும் உண்டு. எனவே எண்ணும் பெயரும் வரும் இடங்களையாவது பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

எழுதுவதற்கே பயன்படுத்துவதில் உரிமைச் சிக்கல் இருக்கிறது. மனிதர் எழுதாத பகுதிக்குப் பதிப்புரிமைப் பதிவு கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னது. முழு உரிமையையும் மாற்றித் தருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாருக்கும் உரிமையில்லாத பக்கங்களைக் கொடுத்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். தவிர, இந்தக் கருவிகள் எல்லோரையும் ஒரே குரலில் பேசவைக்கும். மேலே குரலைப் பற்றிச் சொன்னதை மறுபடி படியுங்கள்.

எழுதிய எதிலும் என் பெயர் இல்லை. புது கிளையன்ட் 'சாம்பிள் காட்டுங்கள்' என்றால் என்ன காட்டுவது?

ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் இருக்கும்போது பழைய கிளையன்டின் பக்கத்தைக் காட்டினால், புது கிளையன்ட் எழுத்தைப் பாராட்டுவார், ஆனால் 'நாளைக்கு என்னுடையதையும் இப்படித்தான் காட்டுவார்' என்று மனதுக்குள் குறித்துக்கொள்வார்.

ஒப்பந்தம் போடும்போதே கிளையன்டிடம் மூன்று படியாகக் கேட்டுப் பாருங்கள். நூலின் பெயரை நேர்ப்பேச்சில் மட்டும் சொல்லலாமா? பெயர் சொல்லாமல் 'ஒரு மருத்துவரின் நினைவுக்குறிப்பு, 50,000 சொல்' என்று சொல்லலாமா? நன்றியுரையில் 'துணை நின்றவர்' என்று பெயர் வருமா? ஒன்றுக்காவது சம்மதிப்பார்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் எல்லாவற்றுக்கும் 'யோசித்துச் சொல்கிறேன்' தான்.

காட்டுவதற்கென்றே மூன்று மாதிரிகளை உங்கள் பெயரில் எழுதி வைத்திருங்கள். மூன்றும் மூன்று குரலில் இருக்க வேண்டும்: பொதுவெளியில் இருக்கும் ஒருவருடைய உரைப்பதிவிலிருந்து ஒன்று, வயதான உறவினரின் அனுமதியோடு அவர் பேச்சிலிருந்து ஒன்று, தொழில்நுட்பம் சார்ந்த கட்டுரை ஒன்று. பேச்சின் எழுத்துவடிவத்தையும் நீங்கள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எந்த நூல் அட்டையும் காட்டாததைக் காட்டிவிடும்.

பெயர் தொடர்பாக இன்னொன்றும் கேட்கிறார்கள்: உரிமையை எழுதிக்கொடுத்த பிறகு, படைப்பாளி என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் போய்விடுமா? பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, பொருளாதார உரிமையை மாற்றிய பின்னும் அந்த உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது. ஆனால் அதை விட்டுக்கொடுக்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால்தான் கோஸ்ட் ரைட்டிங் ஒப்பந்தத்தில் 'பெயர் கோரமாட்டேன்' என்று தனி வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டணம் பேசும்போது அந்த வரிக்கும் சேர்த்தே பேசுங்கள்.

நூலில் பழைய கூட்டாளியைத் 'திருடன்' என்று எழுதச் சொல்கிறார். நான் எழுதினால் எனக்கும் வழக்கு வருமா?

வரலாம். ஆகவே நூலில் உள்ள தகவல்களுக்கும் அவதூறு, காப்பியடிப்பு வழக்குகளுக்கும், தான் தந்த விஷயம் அளவில், கிளையன்டே பொறுப்பு என்றும் வழக்குச் செலவை அவரே ஏற்பார் என்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உங்கள் பங்குக்கு, உயிரோடு இருப்பவரைக் குறை சொல்லும் ஒவ்வொரு வரியையும் மஞ்சளில் காட்டி, 'ஆவணம் இருக்கிறதா, நினைவு மட்டும்தானா?' என்று ஓரத்தில் கேளுங்கள். ஆவணம் இல்லாத இடத்தில் பட்டம் சூட்டுவதை விட்டுவிட்டு, அவர் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதலாம்: 'கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது மூன்று மாதப் பக்கங்கள் இல்லை.' பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரும் தொழிலும் ஆண்டும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கங்களை வக்கீல் ஒருவர் பார்க்க வேண்டும், அந்தச் செலவு கிளையன்டுடையது.

பல்கலைக்கழக ஆய்வேட்டை எழுதித் தரச் சொல்லி நல்ல தொகை சொல்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. தலைவரின் உரையைப் பிறர் எழுதியிருக்கலாம் என்று கேட்பவருக்குத் தெரியும். ஆய்வேடோ, அதை எழுதியவரே ஆய்வு செய்தவர் என்று நம்பிப் பட்டம் தரப்படும் இடம். மொழியைச் செப்பனிட்டுத் தரலாமா என்றால், அந்தப் பல்கலைக்கழக விதி அனுமதித்தால், வழிகாட்டிக்குத் தெரிந்தால், தரலாம். பில்லில் 'மொழித் திருத்தம்' என்று போடுங்கள், செய்ததும் அதுவாகவே இருக்கட்டும்.